புகழ்பெற்றோரின் தன்வரலாறுகளும் வாழ்க்கை வரலாறுகளும்: நூலகத்தில் எதை இரவல் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று அலமாரியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, எதை எடுப்பது என்று புலப்படாமல் நாவல் பக்கம் போய்விடுகிற வாசகர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களில் சிலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் படித்த அளவில் அவற்றுக்குச் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த வகை நூல்களை விலைக்கு வாங்காமல் நூலகத்திலிருந்து எடுத்துப் படிக்குமாறு ஏன் சொல்கிறீர்கள்?

வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை ஒரே நூலைக் கொண்டு அறிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் தம்மைப் பற்றி எழுதியது ஒன்று, அவருடன் பழகியவர் எழுதியது ஒன்று, முடிந்தால் அவரோடு முரண்பட்டவர் எழுதியது ஒன்று என்று இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான் அந்த மனிதர் நம் கண்முன் எழுந்து வருகிறார். அப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று நூல்களை வாங்கிக்கொண்டிருக்க எத்தனை பேருக்கு இயலும்? நூலகத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் அது எளிதாக நடக்கிற காரியம். மேலும், இந்த வகையில் அருமையான பழைய பதிப்புகள் சில கடைகளில் கிடைக்காமல் நூலக அலமாரிகளில் மட்டுமே தங்கியிருக்கின்றன.

முதன்முதலாகப் படிக்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

தயக்கமின்றி உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்று சொல்வேன். பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரியவர் எழுதியது என்பதால் கடினமாக இருக்கும் என்று பலர் அஞ்சி ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தொடராக வந்த எழுத்து அது. வார இதழ் வாசகர்களை மனத்தில் வைத்தே ஒவ்வோர் அத்தியாயமும் சுருக்கமாக, கதை சொல்லும் போக்கில் அமைந்திருக்கிறது.

1855இல் பிறந்த உத்தமதானபுரத்துச் சிறுவன் ஒருவன், சங்கீத வித்துவானாகிய தந்தையோடு ஊர் ஊராக அலைந்து, தமிழ் சொல்லித்தர ஓர் ஆசிரியர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கி, இறுதியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறான். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் ஆனது அந்த ஆசிரியரிடம் வந்த பிறகுதான். அன்று ஒரு பாடம் எப்படி நடந்தது, ஏடும் எழுத்தாணியும் எப்படிக் கையாளப்பட்டன, ஒரு வித்துவான் எதை நம்பி வயிறு வளர்த்தார், மடங்களில் புலவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்பவற்றையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் நூல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நூலில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகிற இடம் ஒன்று உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த சாமிநாதையர், அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக (கீழ்நிலை நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பெருமையோடு அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாரின் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்ற பொருளில் கேட்கிறார். படித்ததில்லை. அந்த ஒரு வினாவிலிருந்து ஏழாண்டு உழைப்பு பிறந்து, 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. தம் அறியாமை வெளிப்பட்ட நாளை இத்தனை வெளிப்படையாக, இத்தனை நன்றியோடு எழுதிவைக்க ஒருவருக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

அது மிகப் பெரிய நூலாயிற்றே, இரவல் தவணைக்குள் முடிக்க முடியுமா?

முடியாவிட்டாலும் குறையில்லை, புதுப்பித்துக்கொள்ளலாம். ஆசிரியர் பிள்ளையவர்கள் 1876இல் மறைவது வரை ஒரு பகுதியாகவும், ஏடு தேடும் காலத்தை மற்றொரு பகுதியாகவும் கொண்டு இரண்டு தவணைகளில் படிப்பது வசதியாக இருக்கும். முதற்பகுதி பிடித்துப்போனால், சாமிநாதையரே தம் ஆசிரியரைப் பற்றி இரண்டு பாகங்களாக எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். மாணவர் ஒருவர் ஆசிரியருக்குச் செலுத்திய கடன் அது. தன்வரலாற்றில் மாணவனின் கண்ணால் கண்ட அதே நாட்களை, அங்கே ஒரு வரலாற்றாசிரியரின் நிதானத்தோடு திரும்ப எழுதியிருப்பதைக் காணலாம்.

எனக்குத் திரைக் கலைஞர்களின் வாழ்க்கைதான் வேண்டும். எவை படிக்கத் தக்கவை?

சினிமாவுக்கு முன்னால் நாடகக் கொட்டகை இருந்தது. அங்கிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. தமிழ்த் திரையின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களில் பெரும்பாலோர் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைக்கப்பட்ட பாலர் நாடக சபைகளில் வளர்ந்தவர்கள். வறுமையில் வாடிய குடும்பங்கள் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்த்துவிடும். சோறும் உடையும் அங்கே கிடைக்கும். வாத்தியாரின் பிரம்படியும் கிடைக்கும். பாலபார்ட்டில் (சிறுவர் வேடத்தில்) தொடங்கி, குரல் உடையும் வரை ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டு, தாக்குப்பிடித்தவர்கள் ராஜபார்ட் (நாயக வேடக்காரர்) ஆவார்கள்.

இந்த உலகத்தை உள்ளிருந்து காட்டுவது அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. 1912இல் பிறந்த அவர், 1918இல் தம் சகோதரர்களோடு தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த சபையில் சேர்ந்தார். சிறுவன் சண்முகத்துக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி நாடக உலகில் பெரிதும் பேசப்படுவது. அத்தகைய ஆசான் இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சிழந்து 1922இல் மறைந்தார். ஊர் ஊராகப் போன பயணங்கள், வசூலாகாத இரவுகள், தேசிய நாடகங்களுக்கு வந்த தடைகள் என்று அந்தக் காலத்து நாடக வரலாற்றை எழுத முற்படுகிற எவரும் தொடாமல் போகமுடியாத நூல் இது. அவ்வையார் வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதையையும் இதில் தேடிப் படியுங்கள்.

இதைப் படித்த பிறகு எம்.ஜி.ஆர். ஆனந்த விகடனில் எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்’, சிவாஜி கணேசனின் ‘எனது சுயசரிதை’, எம்.ஆர். ராதாவின் ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால், மூவரும் அதே பாய்ஸ் கம்பெனிப் பள்ளியில் பயின்றவர்கள் என்பது விளங்கும். அவர்கள் ஒரே அனுபவத்தை எவ்வளவு வெவ்வேறாக நினைவுகூர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 1936இல் ‘சதிலீலாவதி’யில் சிறு வேடத்தில் தோன்றியவருக்கும், 1952இல் ‘பராசக்தி’யில் நாயகனாகவே வந்தவருக்கும் திரைக்குள் நுழைந்த பாதை ஒன்றாக இருக்கவில்லை, அந்த வேறுபாடு அவர்களுடைய எழுத்தின் குரலிலேயே கேட்கிறது. எம்.ஜி.ஆர். தம் வாழ்க்கையிலிருந்து படிப்பினைகளை எடுத்துச் சொல்ல விரும்புகிறார். சிவாஜி தம் தொழிலைப் பற்றிப் பேசும்போதுதான் முழு உற்சாகம் கொள்கிறார். ராதா யாருக்கும் அஞ்சாமல் பேசுகிறார்.

சிவாஜி, ராதா நூல்களை அவர்களே எழுதவில்லையே. பிறர் கேட்டு எழுதியதைத் தன்வரலாறு என்று நம்பலாமா?

நியாயமான கேள்வி. சிவாஜியின் நூல், டி.எஸ். நாராயணசாமி அவரிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன விடைகளுமாக அமைந்து, 2001இல் அவர் காலமான பிறகு வெளிவந்தது. ராதாவின் நூல், அவரிடம் உரையாடி எழுத்தாளர் விந்தன் எழுதியது. நடிகர் நாகேஷின் ‘நான் நாகேஷ்’ நூலும் எஸ். சந்திரமௌலி அவர் சொல்லக் கேட்டு எழுதியதே. மேடையில் பேசிப் பழகியவர்களுக்குப் பேச்சு கைகொடுப்பதுபோல் எழுத்து கைகொடுப்பதில்லை; எழுதச் சொன்னால் சடங்காக நாலு வரி எழுதுகிறவர், எதிரே ஒருவர் அமர்ந்து கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். ஆகவே இவற்றைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டவர் யார், அவர் துணிந்து கேட்டாரா, கேட்காமல் விட்டது எது என்ற மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கேள்விகளும் அச்சிடப்பட்டிருக்கும் நூலில் இதைக் கண்டுகொள்வது எளிது. கேள்விகளை நீக்கிவிட்டு ஒரே குரலாக்கிய நூலில், சட்டென்று பேச்சு திசைமாறும் இடங்களைப் பார்த்தால், அங்கே ஒரு கேள்வி மறைந்திருப்பது புலப்படும்.

அரசியல் தலைவர்களின் நூல்களில் தற்புகழ்ச்சிதானே மிகுந்திருக்கும்?

சில நூல்களில் மிகுந்திருக்கத்தான் செய்கிறது. அதற்காக ஒதுக்கிவிட்டால் நட்டம் நமக்கே. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றிக் கல்லக்குடி என்றே வழங்க வேண்டும் என்று 1953இல் நடந்த போராட்டத்தில் மு. கருணாநிதியும் கண்ணதாசனும் பங்கேற்றுச் சிறை சென்றார்கள். பின்னாளில் இருவரும் தம் வாழ்க்கையை எழுதினார்கள்: முன்னவரது ‘நெஞ்சுக்கு நீதி’ ஆறு பாகங்கள், பின்னவரது ‘வனவாசம்’ 1961இல் அவர் தி.மு.க.வைவிட்டு விலகுவது வரை சொல்கிறது. கட்சியிலேயே இருந்து அதன் தலைமைக்கு உயர்ந்தவரும், மனம் கசந்து வெளியேறியவரும் ஒரே போராட்டத்தை எழுதியிருக்கும் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். யார் சொல்வது மெய் என்ற தீர்ப்பை அவசரமாக வழங்கவேண்டாம். எழுதிய காலத்தில் ஒவ்வொருவரும் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும்.

‘வனவாசம்’ பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கண்ணதாசன் அதில் தம்மை ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்று படர்க்கையில் எழுதுகிறார். நண்பர்களைக் குறைகூறும் நூல் என்று மட்டும் அதைப் பலர் நினைத்திருக்கிறார்கள். தம் சொந்தப் பலவீனங்களை அவர் கூசாமல் எழுதியிருக்கும் பக்கங்கள் அதைவிட வலிமையானவை. அந்தப் படர்க்கைதான் அவருக்கு அந்தத் துணிவைத் தந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

அரசியலோடு தொழிற்சங்கமும் பத்திரிகையும் சேர்ந்த ஒரு வாழ்க்கையை அறிய விரும்புவோர், 1944இல் வெளிவந்த திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புக’ளை எடுக்கலாம். தமக்குத் தமிழும் சைவமும் கற்பித்த யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையைப் பற்றிய பகுதி நெகிழ்ச்சியானது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவரின் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. அதிகாரியின் கண்ணோட்டம் வேண்டுமானால் நெ.து. சுந்தரவடிவேலுவின் ‘நினைவு அலைகள்’ உண்டு. காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு பரவிய வரலாற்றை, அதை நடத்திக் காட்டிய கல்வி இயக்குநரே சொல்கிறார்.

நான் எதிர்பார்த்த காலமே நூலில் வரவில்லை. தவறான நூலை எடுத்துவிட்டேனா?

இல்லை. தன்வரலாறுகள் பெரும்பாலும் நாம் விரும்பும் இடத்துக்கு முன்பே நின்றுவிடும். காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ 1925 முதல் 1929 வரை இதழில் தொடராக வந்தது. அதில் சொல்லப்படும் வாழ்க்கை 1920ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தேடி அதைப் புரட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ மூலநூல் 1999இல் வந்தது. அவர் குடியரசுத் தலைவரானது 2002இல். சாமிநாதையரின் நூலோ 122 அத்தியாயங்களோடு 1942இல் அவர் மறைந்ததால் நின்றுபோய், 1950இல்தான் புத்தகமாயிற்று. எனவே அட்டையைப் பார்த்து எடுக்காமல், பொருளடக்கத்தின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள். மிச்சத்தைச் சொல்ல வேறொருவர் எழுதிய வரலாறு இருக்கிறதா என்றும் நூலகரிடம் கேளுங்கள். மேற்சொன்ன இரண்டு மொழிபெயர்ப்புகளில், ‘சத்திய சோதனை’யை ரா. வேங்கடராஜுலுவும் ‘அக்கினிச் சிறகுக’ளை மு. சிவலிங்கமும் தமிழாக்கியிருக்கிறார்கள், இரண்டும் தடையின்றிப் படிக்கக்கூடியவை.

பாரதியாரைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

ஆராய்ச்சி நூல்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் அவரை நேரில் கண்ட மூன்று பேரைப் படியுங்கள்: மனைவி செல்லம்மாள், நண்பர் வ.ரா., புதுச்சேரியில் அவர் மடியருகே வளர்ந்த சிறுமி யதுகிரி. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த பத்தாண்டுகள் மூவர் நூல்களிலும் வருகின்றன. ஏழு வயதில் அவருக்கு வாழ்க்கைப்பட்ட செல்லம்மாள், அடுத்த வேளைக்கு அரிசி உண்டா என்ற கவலையோடு அந்த நாட்களைப் பார்த்தவர். வ.ரா.வுக்குத் தாம் தேடிப்போய்க் கண்ட ஒரு மகாகவியைத் தமிழ்நாடு இன்னும் உணரவில்லையே என்ற ஆதங்கம். யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுக’ளிலோ, ஒரு புதிய பாட்டைக் கவிஞர் முதன்முதலாகப் பாடிக் காட்டும்போது எதிரே உட்கார்ந்து கேட்ட குழந்தையின் மகிழ்ச்சி அப்படியே இருக்கிறது. நாம் இன்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற பாடல்கள், அந்த நூலில் மை உலராதவையாக வருகின்றன. ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால் அதை எடுங்கள்.

புகழும் அதிகாரமும் வாய்த்தவர்களின் கதைகளே இந்த அலமாரியில் இருக்கின்றனவே?

நம் நூலகங்களில் பெண்களின் தன்வரலாறுகளும் ஒடுக்கப்பட்டவர்களின் தன்வரலாறுகளும் எண்ணிக்கையில் குறைவாக இருப்பது உண்மைதான். இருப்பவையும் பல இடங்களில் நாவல் அடுக்கில் போய்விடுகின்றன. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதன் ஆசிரியரைப் பலருக்குத் தெரியாது. அந்த நூலே அவரை உலகறியச் செய்தது. நாட்டார் கலைகளை ஆராய்ந்தும் பாடியும் பெயர்பெற்ற கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. இரண்டும் பேச்சுத்தமிழுக்கு நெருங்கிய நடையில், ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய அளவில் இருப்பவை. படித்தபின் மனம் அமைதியடைய நாளாகும்.

இவற்றுக்கெல்லாம் மூத்ததாக, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் கலந்துகொண்ட இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ இருக்கிறது. பெயருக்கேற்றபடி மிகச் சிறியது. சில பக்கங்களில் ஒரு நீண்ட போராட்டத்தை அடக்கிவிட்டாரே, இன்னும் விரித்து எழுதியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

உரைநடையில் இல்லாத தன்வரலாறு ஏதேனும் உண்டா?

வ.உ. சிதம்பரம் பிள்ளை தம் வாழ்க்கையைப் பெரிதும் அகவற்பாவில் எழுதினார். ‘சுயசரிதை’ என்ற அந்த நூல் 1936இல் அவர் மறைந்த பிறகே அச்சேறியது. 1908இல் கைதாகி 1912இல் விடுதலையாகும் வரை அவர் பட்ட சிறைத் துன்பங்களைச் செய்யுளில் படிப்பது முதலில் சற்றுச் சிரமமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பொருள் தானே அவிழும்.

நூலகத்தில் இவற்றை எந்த இடத்தில் தேடுவது?

‘வாழ்க்கை வரலாறு’ என்று பெயர் எழுதிய அலமாரியோடு நின்றுவிடாதீர்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகத்தில் பொதுவாக வாழ்க்கை வரலாறுகளுக்கு உரிய எண் 920. ஆனால் நடிகரின் நூல் நாடகம், திரைப்படப் பிரிவிலும், கவிஞரின் நூல் இலக்கியப் பிரிவிலும், தலைவரின் நூல் வரலாற்றுப் பிரிவிலும் வைக்கப்படுவது உண்டு. கிளை நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள். உறுப்பினராவதற்குச் சிறு காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் போதும்.

பழைய பதிப்பு குறிப்புதவிப் பிரிவில் இருக்கிறது, வெளியே தரமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கிழிந்துபோனால் மறுபடி கிடைக்காது என்பதால் அவ்விதி. அதை மதித்து அங்கேயே அமர்ந்து படிப்பதுதான் முறை. 1896இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகத்தின் பழைய தொகுப்பும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பும் இப்படிப் போய் அமர்ந்து படிக்கத்தக்கவை. எனினும் அதற்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நூலின் பதிப்புரிமை முடிகிறது. 1936இல் மறைந்த வ.உ.சி., 1942இல் மறைந்த சாமிநாதையர், 1953இல் மறைந்த திரு.வி.க. ஆகிய மூவரின் நூல்களையும் இன்று யாரும் அச்சிடலாம் என்பதால், பழைய பதிப்பு பூட்டிய அலமாரியில் இருந்தாலும் அதே நூலின் புதிய பதிப்பு இரவல் பிரிவில் இருக்க வாய்ப்பு மிகுதி. அங்கும் இல்லையென்றால், வாசகர் பரிந்துரைக் குறிப்பேட்டில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பிழையின்றி எழுதிவையுங்கள்.